கரும்பலகைக்குப் பின்னால்

பேர்பெற்ற பள்ளிக்கூடம் எதற்குள் போனாலும் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்கும். அங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் பெயர்கள். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் என்றால் நம் வாயில் முதலில் வரும் பெயர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்த அரசுப் பள்ளியிலிருந்துதான் 1907-ல் மெட்ரிக் தேறினார். அவரை ‘எங்கள் மாணவர்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அந்தப் பள்ளிக்கு உண்டா?

வகுப்பில் நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். கணக்குப் போட வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார். ஒரே கூச்சல். பையன்களின் சாப்பாட்டு டப்பாக்கள் பலகைக்குப் பின்னால் இருந்தன. மஹர் பையன் பலகையைத் தொட்டால் சோறு தீட்டாயிடுமாம். ஓடிப்போய் டப்பாக்களை அள்ளியெடுத்த பிறகுதான் அவர் பலகையைத் தொட முடிந்தது. சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். உனக்குக் கிடையாதுன்னுட்டாங்க. பாரசீகம் படித்தார்.

டப்பாவை எடுக்க ஓடியவர்களும் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள்தானே? அவர்களை எந்தப் பலகையில் எழுதுவது? அப்பன் சொத்து வேணும், அப்பன் கடன் வேணாம்னா எப்படி?

அவரை ஆளாக்கியது பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பு. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட அப்பா, புத்தகம் வாங்க மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்த அப்பா. அக்காமார் கழற்றிக் கொடுத்த நகை எந்தப் பலகையிலும் ஏறாது. கைகொடுத்த கேலுஸ்கர்கூட வேறு பள்ளி ஆசிரியர், சர்னி ரோடு தோட்டத்தில் பழக்கமானவர்.

அப்படியானால் அந்தப் பள்ளிக்குப் பங்கே இல்லையா? அப்படி அடித்துச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அது அரசுப் பள்ளி. மேல்சாதிக்காரன் நன்கொடையில் நடந்த பள்ளியாக இருந்தால் வாசப்படியே மிதித்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கதவும் தானாகத் திறந்ததில்லை.

1856-ல் தார்வாட் அரசுப் பள்ளி ஒரு மஹர் பையனுக்கு இடம் மறுத்தது. சும்மா இருக்கவில்லை அவன். பம்பாய் அரசுக்கு மனுப் போட்டான். ஒரு மஹருக்காகப் பள்ளியை மற்றவர்களுக்குப் பயனற்றதாக்க முடியாது என்று அரசு கைவிரித்தது. விவகாரம் லண்டன் வரை போனது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் சாதி வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று 1858-ல் பம்பாய் அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் சாதி ஓடிவிடவில்லை என்பதற்கு அந்த டப்பாக்களே சாட்சி. ஆனாலும் பிற்பாடு ஒரு சிறுவன் எல்ஃபின்ஸ்டன் வகுப்பில் உட்கார அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

பலகை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. முதல் வரியை அந்தத் தார்வாட் பையனுக்கு விடுங்கள். எந்தப் பள்ளியின் பட்டியலிலும் அவன் கிடையாது. உள்ளே விட்டிருந்தால்தானே அவன் பழைய மாணவன்!