ஒன்பது புள்ளி எட்டு

பொய்யை நாம் எங்கே கற்றுக்கொள்கிறோம் என்று கேட்டால் வீடு, கடைத்தெரு, அரசியல் மேடை என்று பதில் வரும். பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடம் என்பது என் பதில். அங்கே அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன், காரைக்கால் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளி. தனி ஊசல் சோதனை. ஒரு மீட்டர் நூல், முனையில் குண்டு, கையில் ஸ்டாப் கடிகாரம். இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தகம் 9.8 என்கிறது. ஒரு பையனுக்கு 40.8 வினாடி வந்தது. கணக்குப் போட்டால் 9.49. 'திரும்பப் பார்' என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவன் ஊசலின் பக்கமே போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, விடையிலிருந்து பின்னோக்கி வந்து, 40.8ஐ 40.1 ஆக்கினான். 9.82. ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் கையெழுத்திட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டே கேட்டான்: "எல்லாருக்கும் இதான் வரணும்னா அப்புறம் எதுக்கு சார் ஆட்டணும்?"

அதில் குறும்பு இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில், புனிதவதியின் கைக்கு வந்த இரண்டாவது மாம்பழத்தை நினைத்து, மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிடிக்கிற கூட்டத்தில் என் மாணவர்களும் இருப்பார்கள். விஞ்ஞான மனோபாவத்தை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 1976ல் சேர்க்கப்பட்டது. அதற்குத் தடை கோயில் வாசலில் இருப்பதாகவே நம் பகுத்தறிவாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாம்பழத்தைப் பிடிக்கும் கிழவி தான் நம்புவதைச் செய்கிறாள். 40.1 என்று எழுதிய பையன் தான் நம்பாததை எழுதினான். அதற்கு மதிப்பெண்ணும் பெற்றான். நம்பிக்கை விஞ்ஞானத்துக்கு வெளியே நிற்பது. திருத்திய அட்டவணை அதன் உள்ளேயே இருந்து அரிப்பது.

1672ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரிபார்த்த ஊசல் கடிகாரத்தோடு தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். அங்கே அது நாளொன்றுக்கு சுமார் இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. பாரிஸில் சந்தேகித்தவர்கள் உண்டு. ரிஷே கண்டதைக் கண்டபடி எழுதினார். பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுவில் புடைத்தும் இருக்கிறது என்று 1687ல் நியூட்டன் வாதிட்டபோது அந்த இரண்டரை நிமிஷம் அவருக்குச் சாட்சியாயிற்று. பூமத்தியரேகைக்கு ஏறக்குறைய பதினோரு பாகை வடக்கே, கடல்மட்டத்தில் இருக்கும் காரைக்காலில் இந்த எண் 9.78. எங்கள் நூலும் குண்டும் அந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. இருபது அலைவுகளில் அது 0.04 வினாடிதான். ஆனால் எண் இடத்துக்கு இடம் மாறும் என்பதையாவது நான் சொல்லியிருக்கலாம்.

ஆசிரியர் பயிற்சி என்று நாம் அழைப்பது இன்னொரு வகுப்பறை. ஒருவர் பேசுவார், நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்போம். 2023-24லிருந்து புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கியபோதும் புத்தகம்தான் மாறியது. வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், ஆசிரியர்கள் முதலில் மாணவர்களைப்போல் உட்கார்ந்து, சோதனைகளைத் தாங்களே செய்து, தவறி, சண்டை போட்டுக் கற்றார்கள். மாதந்தோறும் கூடி வகுப்பில் சறுக்கியதைப் பேசினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 2002ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது.

அதைப் படித்த பிறகு ஒரு மாலை, யாரும் இல்லாத ஆய்வுக்கூடத்தில் நானே ஊசலை ஆட்டினேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. 40.8 வந்தது. மறுபடியும் 40.8. கடிகாரத்தைச் சந்தேகித்தேன், என் விரலைச் சந்தேகித்தேன், கடைசியில் அளவுகோலை எடுத்தேன். முடிச்சு வரைக்கும்தான் நூலை அளந்திருந்தோம். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் விட்டுப் போயிருந்தது. 103 சென்டிமீட்டர் ஊசல் எங்கள் ஊரில் 40.8 வினாடிதான் எடுத்துக்கொள்ளும். பையனின் நேரம் சரி. அந்த அட்டவணையில் உண்மையாக இருந்த ஒரே எண்ணை நான் அழிக்கவைத்திருக்கிறேன்.

இப்போது நான் முதலில் என் ரீடிங்கைக் கரும்பலகையில் எழுதுகிறேன்; பிறகு வகுப்பு முழுவதன் ரீடிங்குகளையும். சராசரி பிறகுதான். எது விலகி நிற்கிறது, ஏன், எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பீரியட் போகிறது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டிவருகிறது. முதல் இரண்டு முறை கூச்சமாக இருந்தது. ஆனால் செய்முறைத் தேர்வு நாளில் என்ன செய்வது? வெளியிலிருந்து வரும் தேர்வாளர் 9.8ஐத்தான் தேடுவார். என் நேர்மைக்கு ஒரு பையனின் மதிப்பெண்ணை விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. வந்ததை எழுது, ஏன் அப்படி வந்திருக்கலாம் என்பதையும் எழுது என்கிறேன். சிலர் எழுதுகிறார்கள். எழுதாதவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு ஊசலில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நாமும் வந்த அனுபவத்தை வரவேண்டிய அனுபவமாகத் திருத்துகிறவர்கள்தாம். மழையில் எரிச்சலோடு வீடு திரும்பியவன் கவிதையில் பரவசப்படுகிறான். விமர்சகன் சிவப்பு மையால் கையெழுத்திடுகிறான். அந்தப் பையனின் கேள்வி நம்மிடமும் கேட்கப்பட்டதாகவே எனக்குப் படுகிறது.