பழைய கித்தாரும் புதிய வர்ணமும்



ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு சிற்றூர். தகப்பனார் வாரமெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து, சனிக்கிழமை இரவுகளில் நடனக் கூடங்களில் மின்சாரக் கித்தார் வாசித்து நாலு காசு சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் காலமானபின் அவருடைய கித்தார் மகன் கைக்கு வருகிறது. 1963-ம் வருஷத்து ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர். வெள்ளையாய் இருந்தது பழுத்து வெண்ணெய் நிறமாகிவிட்டது. மேனி முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புகள். வலக்கை படிந்து படிந்து மேல்விளிம்பில் வர்ணம் போய் மரம் தெரிகிறது. மகனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "அப்பாவின் கித்தார் இப்படியா கிடப்பது?" என்கிறான். எல்லாவற்றையும் உரித்து, தேய்த்து, கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோல் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. தங்கையோ, "தொடாதே அண்ணா" என்கிறாள்.

இருவரில் யார் சொல்வது சரி? பெரியவர்கள் விட்டுப்போன பொருள் ஒன்றாவது இல்லாத வீடு ஏது? ஆகையால் இது வாத்தியக்காரர் விவகாரம் என்று தள்ளிவிடாமல் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, அந்தக் கித்தார் அசட்டையால் கெட்டுப்போகவில்லை. அக்காலத்தில் கித்தார்களுக்குப் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் லாக்கரைப் பூசினார்கள். ஃபெண்டர் கம்பெனியார் தங்கள் விசேஷ நிறங்களை டூபாண்ட் கம்பெனியின் மோட்டார் கார் வர்ணங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். மேலே பூசும் தெளிந்த லாக்கர் வருஷம் செல்லச் செல்ல மஞ்சளிக்கும். குளிரிலும் வெப்பத்திலும் மரம் ஒருவிதமாகவும் லாக்கர் ஒருவிதமாகவும் சுருங்கி விரிவதால் வெடிக்கும். 1960-களின் கடைசியில் வந்த கெட்டியான பாலியெஸ்டர் பூச்சு இப்படி எளிதில் முதுமை அடையாது. தகப்பனாரின் கித்தாருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

மகன் அழுக்கை எடுப்பதாகவே நினைக்கிறான். உப்புத்தாள் அழுக்கோடு நிற்குமா? மரத்தையும் தின்னும். கைக்கு இதமாக இழைத்த வளைவுகளின் உருவம் மாறும். தகப்பனாரின் கை முப்பது நாற்பது வருஷம் தேய்த்த அந்த இடம், ஒரு பிற்பகலில் மற்ற இடம்போல் ஆகிவிடும். மீண்டும் வெள்ளை வர்ணம் பூசலாம். அந்தத் தேய்மானத்தை யாரால் பூச முடியும்? வேடிக்கை என்னவென்றால், 1995-ல் ஃபெண்டர் கம்பெனியாரே புதுக் கித்தார்களை வேண்டுமென்றே தேய்த்துக் கீறி, பழையதுபோல் ஆக்கி விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பொய்த் தேய்மானத்துக்கு ஜனங்கள் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். இந்த மகனோ மெய்யானதைச் சுரண்டி எறியப் பார்க்கிறான்!

"பெரிய வித்துவான்களே உரித்திருக்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1968-ல் தங்கள் எபிஃபோன் கஸீனோ கித்தார்களின் பூச்சை உரித்து வெறும் மரமாக்கினார்கள். அதனால் நாதம் மேம்பட்டது என்பது ஹாரிசனின் அபிப்பிராயம். ஆனால் கஸீனோ உள்ளே கூடான வாத்தியம். பலகை அதிர்ந்தால் ஒலி மாறலாம். ஸ்டிராட்டோகாஸ்டரோ கெட்டி மரம். அதன் நாதம் முக்கியமாகத் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள்கள் மின்சாரமாக்குவதால் பிறப்பது. மேலும், அவர்கள் உரித்தது வாங்கிச் சில வருஷங்களே ஆன தங்கள் சொந்தக் கித்தார்களை. மறைந்த ஒருவரின் கைத்தழும்பை அன்று.

இதற்கு எதிரான உதாரணம் ஒன்று உண்டு. எனக்கு அதுவே பிரியம். அயர்லாந்து தேசத்து ரோரி காலகர் 1963-ல், பதினைந்து வயதில், கார்க் நகரத்துக் கடையொன்றில் பழைய ஸ்டிராட்டோகாஸ்டர் ஒன்றை நூறு பவுனுக்குக் கடனில் வாங்கினார். 1995-ல் இறக்கும்வரை அதை விடவில்லை. வியர்வை பட்டே அதன் வர்ணம் பெரும்பாலும் போய்விட்டது. மெட்டுகளை மாற்றினார், பிருடைகளை மாற்றினார், வாசிக்க இடைஞ்சலான எதையும் செப்பனிட்டார். வர்ணம் மட்டும் போனது போனபடியே இருந்தது. 2024-ல் அது ஏலத்துக்கு வந்தபோது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கென்று வாங்கினார்கள்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுபூச்சுக் கண்ட பழைய கித்தார் ஏறத்தாழப் பாதி விலைதான் பெறும் என்பது வியாபாரிகளின் கணக்கு. ஆயினும் இந்தக் காரணத்தை நான் முன்னே வைக்க விரும்பவில்லை. விலை குறையுமே என்று பயந்து வாசிக்காமல் பெட்டியில் பூட்டி வைப்பவனும் தகப்பனாருக்கு மரியாதை செய்கிறவனா? "என் பொருள், என் இஷ்டம்" என்று மகன் சொன்னால் எந்தச் சட்டமும் அவனைத் தடுக்காது. ஆனால் தங்கையும் அந்தத் தேய்ந்த விளிம்பைப் பார்த்து வளர்ந்தவள். மீட்க முடியாத காரியத்துக்கு முன் அவளைக் கேட்பது பெருந்தன்மை அல்ல, கடமை.

உரிக்கவே கூடாது என்பதுமில்லை. முன்பே எவரோ சுவருக்கு அடிக்கும் வர்ணத்தை அப்பிவைத்திருந்தால் அதைப் பொறுமையாக எடுப்பதில் குற்றம் ஏது? வீட்டில் செய்பவர் மருந்தில் கவனமாயிருக்க வேண்டும். மெத்திலின் குளோரைடு கலந்த வர்ணநீக்கியின் ஆவியால் உயிர்கள் போனதால், வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை 2019-ம் வருஷத்து விதியால் அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. செய்ததை மறைப்பதோ வேறு விஷயம். கிப்ஸன் கம்பெனியின் 1950-களின் பொன்னிற லெஸ் பால் கித்தார்களை உரித்து, 1958 முதல் 1960 வரை வந்த அருமையான சிவப்பு மஞ்சள் நிறத்தைப் பூசுவோர் உண்டு. சொல்லி விற்றால் வியாபாரம். சொல்லாமல் விற்றால் களவு.

நம் மகனுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்டிராட்டோகாஸ்டரின் கழுத்தை உடலோடு சேர்த்திருப்பவை நான்கு திருகாணிகளே, பசை இல்லை. அதே அளவில் புது உடல் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு இஷ்டப்பட்ட வெள்ளை பூசி, தகப்பனாரின் கழுத்தை அதில் மாட்டி வாசிக்கட்டும். பழைய உடலைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கட்டும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பட்டால் அந்த லாக்கர் கெடும். என்றைக்காவது தங்கையின் பிள்ளை ஒன்று கேட்டால், திருகாணிகளைக் கழற்றி மாட்டிக் கொடுக்க அரைமணி நேரம் போதும்.