யாருடைய தாலி?

காரைக்காலில் வளர்ந்தவனுக்கு பெரியபுராணம் என்றாலே காரைக்கால் அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும்தான். ஆனால் ரொம்ப நாளாக என்னை உறுத்துவது பக்கத்து ஊர்க் கதை. தரங்கம்பாடி தாண்டினால் திருக்கடையூர். அங்கே கோயிலில் குங்கிலியப் புகை போடுவதையே தொண்டாக வைத்திருந்தவர் கலயர். சொத்தெல்லாம் போச்சு, பிள்ளைகள் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றி, நெல் வாங்கி வரச் சொல்கிறார். வழியில் ஒரு வணிகர், கையில் குங்கிலிய மூட்டை. தாலியைக் கொடுத்து மூட்டையை வாங்கிக்கொண்டு கலயர் நேராகக் கோயிலுக்குப் போய்விடுகிறார். வீட்டில் பசியோடு படுக்கிறார்கள். பிறகு சிவனருளால் வீடு நிறையச் செல்வம்.

செல்வம் வந்ததால் கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். வந்திருக்காவிட்டால்? தியாகம் செய்தது கலயரா, தாலி கழற்றியவரா? இதாவது பட்டிமன்றத்தில் கேட்கிற கேள்வி. மூட்டை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

குங்கிலியம் என்ற பெயரில் சால் மரத்துப் பிசினும் விற்கிறது. நான் சொல்வது கறுப்பாக, கண்ணாடிச் சில்லு மாதிரி உடைகிற கருங்குங்கிலியம். அந்த மரம் நம் கடைமடை மண்ணில் வளராது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம் அது. தளிர் விட்டால் ரத்தச் சிவப்பு. பழத்தைத் தின்று இருவாச்சி விதை பரப்பும். பிசினை எண்ணெயில் உருக்கி மரப்படகின் பலகை இடுக்குகளை அடைப்பதும் உண்டு. இப்போது எங்கள் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுதான், அதனால் புகை மட்டும்தான் மிச்சம்.

பிசின் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்கிற கட்டு. தானாக வடிந்து உறைந்ததைப் பொறுக்கி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தண்டைக் கொத்தி, அடியில் தீ மூட்டி வடிய வைப்பவர்களும் இருக்கிறார்கள். தீ வைத்தால் நிறைய கிடைக்கும், திரும்பத் திரும்பச் செய்தால் மரம் செத்துப்போகும். கடைக்கு வந்த பிறகு இரண்டும் ஒரே பொட்டலம்.

சரி, வாங்காமல் விட்டுவிடலாமே? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. பொறுக்குபவர்களில் பலர் பழங்குடிக் குடும்பங்கள். அந்தப் பணம் அவர்கள் வீட்டு அரிசி. கலயர் வாங்காமல் போன நெல் மாதிரிதான். நான் கையை உதறினால் என் மனசு சுத்தமாகும், அவர்கள் அடுப்பு அணையும். காத்திருந்து பொறுக்கியதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது வரை எனக்குத் தெளிவு. ஆனால் எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டுமே.

போன வெள்ளிக்கிழமை நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன், “இது எங்கேர்ந்து வருதுண்ணே?”

“மலையிலேர்ந்து” என்றார். “நூறு கிராம் போதுமா தம்பி?”