கையொப்பமும் மனச்சான்றும்

உயிர் காக்கும் தொண்டு என்றவுடன் மருத்துவரும் செவிலியரும் நம் நினைவிற்கு வருவர். சற்று ஆழ்ந்து எண்ணினால், நோயாளியைச் சுமந்துவரும் விமானியும் வரக்கூடும். அவ்விமானத்தின் முகப்புப் பலகைக்குப் பின்னே தலையை நுழைத்து, கைவிளக்கின் ஒளியில் கம்பிகளையும் குழாய்களையும் ஆராயும் பொறியாளரை எண்ணுவோர் அரியர். 1940 முதல் விமானத் தொழிலோடு உறவு பூண்டுள்ள இப்பெங்களூரில் அத்தகைய கைகளை உடைய தமிழர் பலர் வாழ்கின்றனர். அவர்கள் நன்கறிந்த ஒரு தொழில் வழக்கத்தினுள் புதைந்து கிடக்கும் அறச்சிக்கல் ஒன்றை எடுத்துரைப்பதே என் நோக்கம். பணிநிறைவின்போது பதிவேட்டில் இடும் கையொப்பமே அவ்வழக்கம்.

சிக்கல் அதன் முழு வடிவில் தோன்றும் இடம் கிறித்துவ மிஷன் விமானப்பணி. 1945-ஆம் ஆண்டில், போர்க்கால விமானிகள் சிலரின் முயற்சியால் அமெரிக்காவில் தோன்றியது பின்னாளில் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் எனப் பெயர்பெற்ற அமைப்பு. அதன் முதல் விமானி பெட்டி கிரீன் என்னும் பெண்மணி. 1946-இல் மெக்சிகோவில் அவ்வமைப்பின் விமானம் சேதமுற்றபோது, அதனைச் செப்பனிடச் சென்றவர் நேட் செயின்ட். அவரே பின்னர் எக்வடோர் காடுகளில் விமானியாகப் பணியாற்றி, 1956 ஜனவரி 8-ஆம் நாள் தோழர் நால்வருடன் ஆற்றங்கரையில் ஈட்டிக்கு இரையானார். அவருடைய இறைநம்பிக்கையை உலகம் அறியும். ஆயினும், ஒற்றை எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் தடைப்பட்டால் உதவ மாற்றுவழி அமைப்பொன்றைத் தம் கையாலேயே உருவாக்கியவரும் அவர்தாம். இறைவன் காப்பான் என்று அவர் வாளா இருந்துவிடவில்லை.

அதே அமைப்பு 1951-இல் நியூகினித் தீவில் பணி தொடங்கியது. அவ்வாண்டே அங்கு அதன் விமானி ஒருவர் மலையில் மோதி மாண்டார். இன்று பப்புவா நியூகினி என்னும் தனிநாடாக விளங்கும் அந்நிலத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. உயர்ந்த சிகரமாகிய வில்ஹெல்ம் மலையின் உயரம் 4,509 மீட்டர். தலைநகரிலிருந்து மேட்டுநிலத்திற்குச் சாலை இல்லை. மலைச்சரிவில் புல்லை அகற்றி அமைத்த ஓடுபாதைகளில் பல ஒருவழிப் பாதைகளே. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கி ஓடி எழ வேண்டும். காலையில் தெளிந்திருக்கும் கணவாய்கள் நண்பகலுக்குப்பின் முகிலால் மூடிக்கொள்ளும்.

இங்கே ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். காலை ஒன்பது மணி. பேறுகாலத்தில் குருதிப்போக்கால் வருந்தும் பெண்ணொருத்தியைக் கொண்டுவர வேண்டுமென்று மலையூரிலிருந்து வானொலிச் செய்தி வருகிறது. விமானம் ஆயத்தமாக நிற்கிறது. ஆனால் முந்திய நாள் அதனை ஓட்டிய விமானி, போகிறபோக்கில் ஒரு சொல் சொல்லியிருக்கிறார்: ஏறும்போது இடப்புற உயரமானியும் வலப்புற உயரமானியும் 150 அடி வேறுபட்டனவாம், தரையிறங்கியபின் இரண்டும் ஒன்றாயினவாம். அதனை அவர் பதிவேட்டில் எழுதவில்லை. இன்று பறக்க இருப்பவர் வேறொருவர்.

உயரமானி என்பது எளிய கருவியே. காற்றை அகற்றி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று, வெளியழுத்தம் குறையக் குறைய விரிந்து முள்ளை நகர்த்துகிறது. அவ்வழுத்தம் விமானத்தின் பக்கச் சுவரிலுள்ள சிறு துளைகளின் வழியே குழாய்களில் வருகிறது. ஈரம் மிக்க நாடுகளில் குழாயில் நீர் தேங்கும். இணைப்புத் தளர்ந்து கசியும். திறந்த துளை கண்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். இவற்றுள் பல, தரையில் நிற்கும்போது தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. சோதனைக் கருவியைத் துளையில் பொருத்தி, காற்றை உறிஞ்சி, செயற்கையாக உயரத்தை உண்டாக்கி, முள் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை புலப்படும். குறை கண்டு களைய மூன்று மணி நேரம் ஆகலாம். அதற்குள் கணவாய் மூடிவிடும். பயணம் மறுநாளைக்குப் போய்விடும்.

பொறியாளர் இப்போது முள்ளை நோக்குகிறார். இரண்டும் ஒன்றாகவே காட்டுகின்றன. “தரையில் குறை காணப்படவில்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டால் அதில் ஓர் எழுத்தும் பொய்யன்று. எனினும் அது பொய்யே. இவரது ஐயம் அக்கையொப்பத்தின் வழியே மற்றொருவரின் உறுதியாக மாறிவிடுகிறது. விமானி மலைகளினிடையே அந்த உறுதியை நம்பியே செல்வார்.

சிறு துளைதானே என்று கருதுவோர்க்கு ஒரு நிகழ்ச்சி. 1996 அக்டோபர் 2-ஆம் நாள் பெரு நாட்டின் லிமாவிலிருந்து இரவில் புறப்பட்ட போயிங் 757 விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 70 பேரும் மாண்டனர். கழுவித் துடைக்கும்போது அழுத்தத் துளைகளின்மேல் ஒட்டிய நாடாவை அகற்ற ஒருவர் மறந்துவிட்டார். அதனைப் பார்த்திருக்க வேண்டியவர்களும் பார்க்கவில்லை. எவரும் தீங்கு நினைத்தாரில்லை.

வள்ளுவரை ஈண்டு இருபக்கத்தாரும் துணைக்கு அழைக்கலாம். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரம் கூறுகிறது. ஒரு தாயின் உயிரைக் காட்டிலும் குற்றமற்ற நன்மை உண்டோ என்று கேட்பர். ஆனால் நன்மை விளைந்ததா என்பது விமானம் திரும்பிய பின்னரே தெரியும்; கையொப்பமோ முன்னரே இடப்படுவது. விளைவை அறியாதவன் அக்குறளின் நிழலில் ஒதுங்க இயலாது என்பது என் கருத்து. வினைத்தூய்மை அதிகாரம் இன்னும் கடுமையானது. பெற்ற தாயின் பசியைக் கண்டபோதும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யலாகாது என்கிறது. பலகாலம் இதனை மிகையுரை என்றே எண்ணியிருந்தேன். இத்தகைய கொட்டகையில் நிற்பவனை நினைத்துப் பார்த்தபின் அவ்வாறு எண்ணக்கூடவில்லை.

விமானியிடம் ஐயத்தைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடலாகாதோ? சொல்லத்தான் வேண்டும். ஆனால் முடிவை அவர்மேல் சுமத்துவது வேறு. சாகும் நிலையில் ஒரு பெண் காத்திருக்க, துணிவுள்ள இளைஞன் ‘போகமாட்டேன்’ என்று சொல்வானா? உரிமை அளிப்பதுபோல் தோன்றினும் அது சுமையை இறக்கிவைக்கும் தந்திரமே. மேலும், திரும்பும் வழியில் விமானத்தில் இருக்கப்போகும் தாயையும் சேயையும் யார் கேட்டார்?

இன்னொரு நெருக்கடியும் உண்டு. பலர் இதனைப் பேசுவதில்லை. இப்பணியாளர் பலர்க்கு மிஷனிடமிருந்து வழக்கமான ஊதியம் இல்லை. தத்தம் ஊர்ச் சபையாரும் நண்பரும் அனுப்பும் காணிக்கையில் வாழ்கின்றனர். அவர்களுக்கு அவ்வப்போது கடிதம் எழுத வேண்டும். விமானி எழுதுவதற்கு மீட்பின் கதைகள் இருக்கும். ‘இம்மாதம் துருவேறிய இணைப்புகள் பதினொன்றை மாற்றினேன், ஒருநாள் விமானத்தைப் போகவிடாமல் நிறுத்தினேன்’ என்று எழுதுபவனுக்கு எவர் மனமுருகிப் பணம் அனுப்புவர்? அன்பை மூலதனமாகக் கொண்ட நிறுவனங்களில், மறுக்கும் சொல்லுக்கு விலை குறைவு. இது கிறித்துவருக்கு மட்டும் உரிய குறையன்று. நம் அன்னதானக் கூடங்களிலும் இலவச மருத்துவ முகாம்களிலும் இதனைக் காணலாம்.

இவ்வளவு சொன்னபின்னும் கையொப்பமிட மறுத்தவர் தூயவராய் வீடு திரும்பினார் என்று நான் கூற மாட்டேன். அவர் கருவிப் பலகையைக் கழற்றுகிறார். குழாயின் வளைவில் இரண்டு துளி நீர் இருக்கிறது. அல்லது ஒன்றுமே இல்லை. எதுவாயினும், அப்பெண் அன்றிரவு மலையூரிலேயே கிடக்கிறாள். விடிந்ததும் அவ்வூரின் அழைப்பை எதிர்நோக்கி வானொலிப் பெட்டியின் முன் அவர் அமர்ந்திருப்பார். சென்ற வாரம் அதனைச் செப்பனிட்டவரும் அவரே. ஒலி தெளிவாகக் கேட்கும்.