சலிப்பு சோம்பலாகுமா?

வேலையில் மனம் செல்லாதவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது உலக வழக்கம். அவ்வார்த்தை சொல்லுவோருக்கு மிகவும் சௌகரியமானது. ஏனெனில், அதைச் சொன்னபின் காரணத்தை விசாரிக்க வேண்டியதில்லை.

பேராக்கில் ஆயர் தாவார் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். செம்பனை வந்து இடம் பிடிப்பதற்கு முன், அங்குள்ள தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினர். விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமாதலால் காலைக் குளிரிலேயே வெட்டு. பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். கத்தி ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்பட்டு, மறுபட்டை முடிச்சு விழுந்து கெடும். ஆகவே, இது கைத்திறன் வேண்டிய தொழில், அற்பத் தொழிலன்று. ஆயினும், அத்திறத்தால் வெட்டுக்காரன் அடைந்த உயர்வு யாது? இருபது வருடம் வெட்டியவனும் வெட்டுக்காரனே. அவன் மகனுக்கும் அதே கத்தி. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஊக்கமாய் உழைத்தவன், உழையாதவன் என்ற பேதத்தை விலைவீழ்ச்சி பார்க்கவில்லை. இந்நிலையில் பிறக்கும் சலிப்பு, மனத்தின் நோயா, நிலைமையின் நோயா?

நிற்க. சலிப்புற்றவன் வேலையைக் கெடுக்கலாமோவெனில், கூடாது என்பதே நமது அபிப்பிராயம். அலட்சியமாக ஆழ வெட்டிய மரத்தின் நஷ்டம், நாளை அந்நிரையில் வெட்டவரும் ஏழையையும் சேரும். கள்ளுக்கடையை நாடுவதும் பரிகாரமன்று. கள் சலிப்பைத் தீர்ப்பதில்லை, அதன் காரணத்தைக் கேட்கவேண்டிய வாயையே அடைத்துவிடுகிறது.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். அவர்கள் வெறுத்தது வேலையையன்று. வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இழிவையே.

ஆதலால், சலிப்புற்றவன் முதலில் தன்னைத்தானே நிந்திப்பதை விட்டுக் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். உடல் களைத்ததாயின் ஓய்வு கொள்க. தொழிலே ஒவ்வாததாயின் வேறு தொழில் கற்க. தகப்பன் தொழில் மகனைக் கட்டும் விலங்கன்று. முறை அநீதியாயின் பிறரோடு கூடி அதை மாற்ற முயல்க. பிள்ளைகளின் பசியை எண்ணி உடனே விலக முடியாதவர் பலர். அவர்களுக்கு நாம் கூறுவது: கைவேலையைச் செம்மையாகச் செய்யுங்கள், ஆனால், கையைக் கூலிக்கு விட்டவன் சிந்தையையும் கூலிக்கு விடவேண்டுமென்ற நியதி எங்கும் இல்லை.