நானும்

திருப்பூரில் எங்கள் வீதியில் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூட யாருக்கும் சொந்தமில்லை. எட்டரைக்குள் பனியன் கம்பெனியில் இருந்தாக வேண்டும். டி.வி.எஸ். வண்டியை அணைக்காமலேயே, முன்னால் நிற்கும் பிள்ளையை என் கையில் இறக்கிவிட்டு, "இன்னிக்கு ஒன்றரை ஷிப்டுங்கக்கா, வர்றதுக்கு எட்டரைக்கு மேல ஆயிருமுங்க" என்று சொல்லியபடியே தாய் கிளம்பிவிடுவாள். கால் மணி நேரத்தில் ஆறு பிள்ளைகள் சேர்ந்துவிடும். மூத்தவனுக்கு நாலரை வயது. கடைக்குட்டிக்கு ஒன்றே முக்கால். பதினோரு வருடமாக என் பகலெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளோடுதான். முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் வந்த சில நாட்களில் ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும் ஒரு சொல் மட்டும் மாறுவதே இல்லை.

"நானும்."

துடைப்பத்தை எடுத்தால் நானும். அரிசி களைய உட்கார்ந்தால் நானும். கொடியிலிருந்து துணி எடுத்தால், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால், சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் நானும், நானும். முழுதாக ஒரு வாக்கியம் பேச வராத பிள்ளைக்கும் இந்தச் சொல் வந்துவிடுகிறது. சொல்லே வராத கடைக்குட்டிக்கு அது கையாக நீள்கிறது.

முதல் மூன்று வருடம் இந்தச் சொல் என் காதில் விழுந்தும் நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி என்றால் சார்ட்டும் சிலேட்டும் என்று நினைத்திருந்தேன். சுவரில் எழுத்து, எண், பழங்கள், நிறங்கள் என்று வரிசையாக ஒட்டினேன். பத்து மணிக்கு எல்லாரையும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். அவர்கள் ஒரே குரலில் கத்தும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. வேலை நேரத்தில் கிட்டே வந்தால், "போ சாமி, போய் விளையாடு. அத்தை இதை முடிச்சுட்டு வந்து சொல்லித் தர்றேன்" என்று விரட்டினேன். வேலை ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று நானே பிரித்து வைத்திருந்தேன். பிள்ளைகளோ அந்தப் பிரிவை அறியாமல் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதை எனக்குப் புரியவைத்தது ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட். பனியன் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை, துடைக்க ஆகும் என்று பக்கத்து யூனிட்டில் ஒரு மூட்டை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் இருந்தபோது வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தத்தைவிட அமைதிதான் பயம் தரும். ஓடி வந்து பார்த்தேன். மூன்று வயதுக்காரி ஒருத்தி மூட்டையை அப்படியே கவிழ்த்து, நடுவில் உட்கார்ந்து துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். திட்ட வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். அவள் முன்னால் ஐந்து குவியல்கள் இருந்தன. ஐந்துமே நீலம்.

"இதென்ன சாமி?" என்று கேட்டேன். விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்: "இது அம்மா சேலை. இது வானம். இது பேனா. இது தொட்டித் தண்ணி. இது ராத்திரி." கையில் இன்னொரு துண்டு மிச்சமிருந்தது. அதை வானத்தின் பக்கத்தில் வைத்தாள், எடுத்தாள், தொட்டித் தண்ணியின் பக்கத்தில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். நெற்றி சுருங்கியது. கடைசியில் அதைத் தனியாக வைத்து ஆறாவது குவியலைத் தொடங்கினாள்.

என் சார்ட்டில் நீலத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

அன்று ராத்திரி அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அவள் செய்தது என்ன? வேற்றுமையைப் பார்த்தாள். எது எதோடு சேரும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். விதிக்குள் அடங்காத ஒன்று வந்தபோது அதைத் திணிக்காமல் புது இடம் கொடுத்தாள். தெரியாததற்குத் தெரிந்ததிலிருந்து பெயர் எடுத்தாள். கணக்கு இங்கேதான் பிறக்கிறது. எவையெல்லாம் ஓரினம் என்று தெரிந்த பிறகுதானே எண்ணவே முடியும்? மொழி பிறப்பதும் இங்கேதான். இவ்வளவும் என் பாடவேளையில் நடக்கவில்லை. என் வேலைக்காக வந்த ஒரு மூட்டைத் துணியில் நடந்தது.

அதன்பிறகு வீட்டு வேலையையே அவர்களோடு பங்கிட்டுக்கொண்டேன். காலையில் வாசலில் குவியும் செருப்புகளை ஜோடி சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இடது, வலது, பெரிது, சிறிது எல்லாம் அதில் இருக்கிறது. துண்டை இரண்டாக மடித்து, இன்னொரு தரம் மடித்தால் காலாகிவிடுகிறது. நல்ல தண்ணி விடும் நாளில் குடங்களை எண்ணுவார்கள். ஏழாவது குடத்தில் குழாய் நின்றுபோனால் இன்னும் எத்தனை குடம் காலி என்று கேட்க நான் தேவையில்லை, அவர்களே சொல்வார்கள். கறிவேப்பிலை உருவும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகின்றன. மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கையில் பட்டாணி, புளியங்கொட்டை, பட்டன் எதையும் தரமாட்டேன். வாயில் போட்டால் மூச்சுக்குழலில் சிக்கிவிடும். அவர்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும் துணியும் போதும். தண்ணீர் நிறைந்த பக்கெட் பக்கத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தனியே விடுவதில்லை. பங்கு கொடுப்பது என்றால் கண்ணும் சேர்த்துக் கொடுப்பதுதான்.

மோர் ஊற்றும் நேரம் தனிப் பாடம். ஒருமுறை மூத்தவனுக்கு அகலமான டம்ளரிலும் இன்னொருவனுக்கு ஒல்லியான உயரக் கிளாஸிலும் ஊற்றினேன். மூத்தவன் அழத் தொடங்கினான்: "அவனுக்கு மட்டும் நிறைய." அவன் கண் முன்னாலேயே உயரக் கிளாஸிலிருந்த மோரை இன்னொரு அகல டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். "சரியா இருக்கு" என்றான். திரும்ப கிளாஸில் ஊற்றினேன். மறுபடி அழுகை. சுவிட்சர்லாந்தின் உளவியலறிஞர் ழான் பியாஜே இதையேதான் பிள்ளைகள் முன் செய்து பார்த்தார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயது வாக்கில்தான் பிடிபடத் தொடங்கும் என்று கண்டார். அதுவரை நாம் எத்தனை விளக்கினாலும் பிள்ளையின் கண்ணுக்கு உயரம்தான் பெரிது. ஆகவே நான் விளக்குவதை விட்டுவிட்டுச் சொம்பையே அவன் கையில் கொடுத்தேன். ஊற்றினான், சிந்தினான், துடைக்கத் துணியும் கொடுத்தேன். சில மாதம் கழித்து ஒருநாள், ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "அத்தை, இது அதே மோர்தானே?" என்றான். அது இன்னும் பதில் ஆகிவிடவில்லை, கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை நான் எந்தச் சார்ட்டிலும் எழுதி ஒட்டியிருக்க முடியாது.

இதை எனக்கு வெகுகாலம் முன்பே பார்த்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. 1907-இல் அவர் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் கவனிக்க ஆளின்றி இருந்த பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். பொம்மையைவிட உண்மையான வேலையை, அதாவது ஊற்றுவதை, துடைப்பதை, அடுக்குவதை, அந்தப் பிள்ளைகள் நாடியதை அவர் பார்த்தார். 1939-இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். இன்று அவர் பெயர் பல ஊர்களில் பள்ளிப் பலகைகளில் இருக்கிறது. அவர் தொடங்கியது எங்கள் வீதியைப் போன்ற ஒரு வீதியில் என்று நினைக்கும்போது, ஆறு பிள்ளைகளோடு இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு தைரியம் வருகிறது.

ஒரு தாய்க்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒருநாள் சீக்கிரம் வந்தவள், மகள் துணி மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து முகம் சுருங்கி, "நான் நாள் முழுக்க துணி மடிக்கறது இவளும் மடிக்கவாங்கக்கா?" என்றாள். அவள் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். அந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிந்தது. சின்ன வயதிலேயே வேலைக்குப் போன கைகள் அவளுடையவை. மகளின் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறாள்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேறு இடம் இல்லையா என்றால், அங்கன்வாடி 1975-லிருந்து இருக்கிறது. அதன் சத்துமாவிலும் முட்டையிலும் இந்தத் தமிழ்நாடு வளர்ந்தது. ஆனால் மாலைக்குள் அது மூடிவிடும். ஷிப்டோ ராத்திரிதான் முடியும். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. இருபது முப்பது பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுக்கு அது பொருந்தாது. அதனால்தான் அவள் பிள்ளை என் வீட்டில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

சொன்னேன்: "கண்ணு, உனக்கு இது பீஸ் கணக்கு. அவளுக்கு இதில் கணக்கே இல்லை. பாதியில் விட்டுட்டு எழுந்து போனாலும் யாரும் கேட்கப் போறதில்லை. பிடிச்சா மடிக்கிறா, போதும்னா ஓடிடுறா." சுமையாக வரும் வேலைக்கும் பங்காக வரும் வேலைக்கும் உள்ள தூரம் அதுதான். முன்னது பிள்ளைப் பருவத்தைத் தின்றுவிடும். பின்னது அதற்கு ஊட்டமாகும். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முனை சேராமல் கோணலாக மடித்திருந்த துண்டைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்தாள். அதைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்தாள்.

சரிசெய்யாமல் வைப்பதுதான் கடினம். கீரை ஆய எனக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளைகளோடு ஆய்ந்தால் முக்கால் மணி நேரம். காம்பு கீரைக்குள் போகும், கீரை குப்பைக்குள் போகும். எங்கள் ஊரே நேரத்தைத் துண்டு துண்டாக எண்ணி விற்கும் ஊர். இங்கே ஒரு பிள்ளைக்கு அவசரமில்லாத முக்கால் மணி நேரத்தைத் தருவதைவிடப் பெரிய செல்வம் வேறு என்ன இருக்க முடியும்? நான் அவர்களுக்குச் சொல்லித் தந்தது கொஞ்சம். காத்திருந்ததுதான் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தபோது, "உம்" என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் என்று மனப்பாடம் செய்தேன். அதில் ஒன்று எச்ச உம்மை. "நானும் வந்தேன்" என்றால், வேறு யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களோடு நானும் சேர்கிறேன் என்று பொருள். வாக்கியத்தில் சொல்லாமல் விட்ட ஒருவரை அந்தச் சின்ன அசை கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறது. தேர்வுக்காகப் படித்த அந்த இலக்கணம் இந்தப் பிள்ளைகளிடம்தான் எனக்கு விளங்கியது. துடைப்பத்தைக் கேட்கும் பிள்ளைக்குத் துடைப்பம் மட்டும் போதாது. "நீங்கள் இருக்கும் இடத்தில் எனக்கும் இடம் உண்டா?" என்று அது கேட்கிறது. எண்ணும் எழுத்தும் அந்த இடம் கிடைத்த பிறகு தாமாக வந்து உட்காருகின்றன.

போன தை மாதம் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் பையன் சேர்ந்தான். மூன்று வயது. ஒரு சொல் தமிழ் தெரியாது. எனக்கு அவன் மொழி தெரியாது. வாசல்படியை விட்டு உள்ளே வராமல் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் நாங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். முன்பு அதே படியில் உட்கார்ந்து ஒரு வாரம் அழுத நாலு வயதுக்காரி எழுந்தாள். தன் முறத்திலிருந்த கீரையில் பாதியை ஒரு தட்டில் போட்டாள். படிக்குப் போய் அதை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீயும்" என்றாள்.

நான் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவள் "நானும்" என்றபோது யாரோ நகர்ந்து இடம் விட்டதை அவள் உடம்பு நினைவில் வைத்திருந்தது. ஒரு பிள்ளை உண்மையில் கற்றுவிட்டதா என்று பார்க்க எனக்கு இப்போது ஓர் அளவுகோல்தான் இருக்கிறது: தனக்குக் கிடைத்த இடத்தில் பாதியை நகர்ந்து கொடுக்கத் தெரிகிறதா? "நானும்" என்று தொடங்கிய கல்வி "நீயும்" என்று சொல்லும்போதுதான் நிறைகிறது. "எல்லாரும்" என்ற பெரிய சொல்லுக்கு இதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன் அழுகையை நிறுத்திவிட்டு ஓர் இலையைக் கிள்ளினான். அடுத்தது, அதற்கடுத்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் நான் வாசல் கூட்டத் துடைப்பத்தை எடுத்தேன். பின்னாலிருந்து என் முந்தானையை யாரோ இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவன்தான். அவன் பேசிய முதல் தமிழ்ச் சொல்லை அன்று கேட்டேன்.

"நானும்."