எல்லை வகுத்தலும் ஓர் அறிவே

சமணம் துறவிகளுக்கு ஐந்து மாவிரதங்களையும் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்களையும் விதித்திருக்கிறது. ஐந்தாவது, பொருள் பற்றியது. துறவிக்கு உடைமையே கூடாது. இல்லறத்தார் ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று தாமே ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதற்குள் வாழ வேண்டும். பரிக்கிரக பரிமாணம் என்று இதற்குப் பெயர். ஆசையை அடக்கும் பயிற்சியாகவே இதை விளக்குவது வழக்கம். இது அறிவைத் தரும் பயிற்சியும் ஆகும் என்பது என் வாதம். எல்லை வகுப்பவர் தம் தேவை இன்னதென்று கண்டறிந்தே ஆக வேண்டும். எல்லையில்லாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் குறைந்த செலவில் வீடியோ எடிட்டிங்குக்குத் தயார் செய்யும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நான்கு கோர் பிராசசர், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினியில் 4கே காட்சியை ஓடவிட்டால் திக்கித் திக்கி நகரும். தாராளமாகச் செலவழிப்பவர் புதிய கணினியை வாங்கிவிடுவார். தடை எங்கே இருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எண்ணிச் செலவழிப்பவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அதே காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார். ராம் நிரம்பிவிட்டால் 16 ஜிபி ஆக்கலாம். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், விநாடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும். பிராசசர் திணறினால், ஹெச்.265 கோப்பை விரிக்கும் வேலையை ஏற்கும் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்; ஜிடிஎக்ஸ் 1650 வகையில் பல கார்டுகளுக்குத் தனி பவர் கேபிள்கூடத் தேவையில்லை. எதுவும் வாங்காத வழியும் உண்டு: ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல். 4கே பிரேம் ஒன்றில் ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள். 720பி நகலில் 9 லட்சத்துச் சொச்சம். எங்கே வெட்டுவது, ஒரு முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்ய அந்த நகல் போதும். ரெண்டர் செய்யும்போது மூலக் கோப்பு அதன் இடத்துக்கு வந்துவிடும். பிலிம் காலத்து எடிட்டர்களும் நெகட்டிவைத் தொடாமல் அதன் நகலான ஒர்க் பிரிண்டில்தான் வெட்டி ஒட்டினார்கள். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற தெளிவு, எல்லைக்குள் வேலை செய்தவர்களுக்கு வாய்த்தது.

இது ஏழ்மைக்குப் பூசும் மெருகு என்று ஒருவர் மறுக்கலாம். விரதம் என்பது தாமே ஏற்பது. பணமில்லாதவர்மேல் விழுந்த எல்லை விரதமாகாது, அதைப் புகழ எவருக்கும் உரிமையில்லை. வாங்க வசதி உள்ளவர்களை நோக்கியே இதைச் சொல்கிறேன். அவர்கள் வாங்கும் புதுக் கணினியின் சுமை அவர்கள் பணப்பையோடு நிற்பதில்லை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, மானிட்டருடன் கூடிய அக்கால டெஸ்க்டாப் ஒன்றைச் செய்ய சுமார் 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 1,500 கிலோ தண்ணீரும் செலவாயின. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்பங்குக்கும் குறைவு. மிகுபொருளைச் சமணம் இம்சையோடு சேர்த்துப் பார்த்ததன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

காலமும் செல்வம்தானே, பழைய கணினி முன்னால் காத்திருந்தே ஆயுள் கழியலாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. பரிக்கிரகம் என்பது பற்றுதான் என்று சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. ஆகவே பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் பரிக்கிரகமே. மதர்போர்டு இனி எதையும் ஏற்காது என்றாலோ, மாற்றும் செலவு புதியதன் விலையை நெருங்கினாலோ, அதைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு வேலை காரணமாக இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, விண்டோஸ் 11இன் நிபந்தனைக்குள் வராத எத்தனையோ நல்ல கணினிகள் ஒரே நாளில் பழையன ஆயின. அவற்றில் லினக்ஸும் கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளும் இன்றும் ஓடும். ‘போதும்’ என்ற அளவை நாமே வகுக்காவிட்டால், விற்பவர் வகுத்துத் தருவார். அப்போது நாம் இழப்பது பணத்தை மட்டுமல்ல, நம் தேவை இன்னதென்று அறியும் வாய்ப்பையும்தான்.